நடுவர் அமர்ந்த மேசை

மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, நடுவர் வாயால் விவரிக்கும் உலகத்துக்குள் 'நான் இதைச் செய்கிறேன்' என்று சொல்லிச் சொல்லியே ஆடும் விளையாட்டை ரோல்பிளேயிங் கேம் என்கிறார்கள். 1974-ல் அமெரிக்காவில் வெளியான 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இந்த வகையில் முதலில் அச்சேறி விற்பனைக்கு வந்தது. எட்ட நின்று பார்ப்பவருக்கு இதில் ஒன்றும் பிடிபடாது. கட்டங்கள் போட்ட பலகை கிடையாது, வென்றவர் தோற்றவர் என்ற முடிவும் கிடையாது. சிலர் பேசிக்கொண்டிருப்பார்கள், இடையிடையே பகடை உருளும். அதனால்தானோ என்னவோ, இதன் வரலாற்றில் வந்த முக்கியமான திருப்பங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி அமைந்தன. இதைப் பொருட்படுத்தாத ஒருவர், ஆட்டம் ஒன்று கண்ணெதிரே நடந்து முடிவதற்குள் மனம் மாறிவிடுகிறார். முதலில் அப்படி மாறியவர் பிரஷ்ய ராணுவத்தின் தலைமைத் தளபதி ஒருவர்.

போரை மேசைக்குக் கொண்டுவரும் ஆசை சதுரங்கத்திலிருந்து பிறந்தது. 1780-ல் ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் கணிதம் கற்பித்த யோஹான் ஹெல்விக், 64 கட்டங்களை 1,617 கட்டங்களாக விரித்தார். மலைக்கும் சதுப்புக்கும் ஆற்றுக்கும் தனித்தனி நிறம் கொடுத்து, பீரங்கியையும் காயாக்கினார். தேர், யானை, குதிரை, காலாள் என்ற நால்வகைப் படையின் பெயரையே தாங்கிய விளையாட்டுக்கு இது ஒன்றும் முறைகேடான வளர்ச்சி அல்ல. ஆனாலும் அதில் பழைய குறை அப்படியே இருந்தது. இருவருக்கும் எல்லாக் காய்களும் தெரியும். எதிரி எங்கே நிற்கிறான் என்று தெரியாமல் தவிப்பதுதான் போர்க்களத்தில் பாதி வேலை. அது இந்த மேசைக்கு வரவில்லை.

பிரெஸ்லாவ் நகரில் அரசு அதிகாரியாக இருந்த கேயோர்க் லியோபோல்டு ஃபொன் ரைஸ்விட்ஸ் கட்டங்களை ஒழித்துக்கட்டினார். முதலில் மணலைக் குவித்து நிலம் செய்தார். மன்னர் மூன்றாம் ஃபிரீடரிக் வில்ஹெல்ம் பார்க்க விரும்பியபோது, மணல்தட்டை அரண்மனைக்கு எடுத்துப் போவது அழகல்ல என்று அவகாசம் கேட்டு, 1812-ல் இழுப்பறைகள் வைத்த ஒரு மரப்பெட்டி மேசையோடு வந்தார். வண்ணம் பூசிய நிலத் துண்டுகளை அதன்மேல் எப்படி வேண்டுமானாலும் சேர்த்து ஆறும் சாலையும் அமைக்கலாம். அரச குடும்பம் இரவு வெகுநேரம் அதில் ஆடியது. அந்த மேசை பெர்லினின் ஷார்லொட்டன்புர்க் அரண்மனையில் இன்றும் இருக்கிறது. அரச குடும்பத்தின் பொழுதுபோக்கு என்பதற்கு மேல் அதற்கு மதிப்பு ஏறவில்லை.

அதை ராணுவத்தின் கருவியாக்கியது அவருடைய மகன், பீரங்கிப் படையில் லெப்டினன்டாக இருந்த இளைய ரைஸ்விட்ஸ். பளபளக்கும் மேசையை விட்டுவிட்டு, 1:8,000 அளவில் வரைந்த நிலப்படத்தைக் கையில் எடுத்தார். ஒரு சுற்று என்பது போர்க்களத்தில் இரண்டு நிமிடம். காலாட்படை இரண்டு நிமிடத்தில் ஏறக்குறைய 150 மீட்டர் நடக்கும் என்று கொண்டால், படத்தில் அந்தச் சிறு கட்டை இரண்டு சென்டிமீட்டர்கூட நகராது. சுடும்போது எத்தனை பேர் விழுவார்கள் என்பதைப் பகடையும் அட்டவணையும் சொல்லின. அந்த அட்டவணைக்குப் பின்னால் ஷார்ன்ஹோர்ஸ்ட் என்ற தளபதி துப்பாக்கிகளை உண்மையாகவே சுட்டுப் பார்த்து 1813-ல் வெளியிட்ட கணக்குகள் இருந்தன. ஆக, குருட்டு அதிர்ஷ்டம் இல்லை. அளந்து வைத்த அதிர்ஷ்டம்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய மாற்றம் நடுவர். இரு தரப்புத் தலைவர்களும் தங்கள் கட்டளைகளை அவரிடம் எழுதிக் கொடுக்க வேண்டும். எதிரியின் கண்ணில் படக்கூடிய படைகளை மட்டுமே அவர் படத்தில் வைப்பார். தூதுவன் குதிரையில் போய்ச் சேரும் நேரம் கழிந்த பிறகே கட்டளை நிறைவேறும். தெரியாமையை ஆட்டத்துக்குள் கொண்டுவந்தவர் அவர்தான். அவர் இல்லையென்றால் இதுவும் கொஞ்சம் பெரிய சதுரங்கமாகவே நின்றிருக்கும்.

1824-ல் இளவரசர் வில்ஹெல்ம் (பின்னாளில் ஜெர்மானியப் பேரரசர்) இதைப் பார்த்து வியந்து, தலைமைத் தளபதி கார்ல் ஃபொன் மியூஃப்லிங்கிடம் பரிந்துரைத்தார். இளவரசர் சொல்லைத் தட்ட முடியாது என்பதற்காகவே மியூஃப்லிங் நேரம் ஒதுக்கியதாகத் தோன்றுகிறது. அன்று ரைஸ்விட்ஸுடன் போன தான்ஹவர் என்ற அதிகாரி ஐம்பது ஆண்டுகள் கழித்து எழுதிய நினைவுக்குறிப்பின்படி, வரவேற்பில் சூடே இல்லை. பலகையை எதிர்பார்த்திருந்த தளபதிக்கு, விரிக்கப்பட்டது வெறும் நிலப்படம் என்பது ஆச்சரியம். ரைஸ்விட்ஸ் பதறவில்லை. மோதலுக்கான சூழலைத் தளபதியே எழுதித் தர வேண்டும், தம் அதிகாரிகளில் இருவரைத் தலைவர்களாக நியமிக்க வேண்டும், களத்தில் தெரியக்கூடியதற்கு மேல் எதையும் அவர்களுக்குச் சொல்லக்கூடாது என்று கேட்டுக்கொண்டார். சுற்றுகள் செல்லச் செல்ல முதியவரின் முகம் மலர்ந்தது. இது விளையாட்டே அல்ல, போர்ப் பயிற்சி. படை முழுவதற்கும் பரிந்துரைத்தே ஆகவேண்டும் என்று முடிவில் அறிவித்துவிட்டார்.

சொன்னதைச் செய்யவும் செய்தார். ராணுவ வார ஏட்டில் அவருடைய பரிந்துரை அச்சானது. ரெஜிமென்டுதோறும் ஒரு தொகுதி வாங்கி வைக்க ஆணை பிறந்தது. மனம் மாறுவதற்கு அவருக்குத் தேவைப்பட்டது விளக்கவுரை அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். எழுதித் தரச் சொன்ன கணத்திலேயே அவர் பார்வையாளர் என்ற இடத்திலிருந்து ஆட்டத்துக்குள் இழுக்கப்பட்டுவிட்டார். ரைஸ்விட்ஸ் அதைத் தெரிந்து செய்தாரா என்பது வேறு கேள்வி, செய்தது சாமர்த்தியம்.

அவருக்கு இந்த வெற்றி நன்மை தரவில்லை. ஒரு லெப்டினன்டுக்கு இவ்வளவு பெயரா என்ற புகைச்சல் சக அதிகாரிகளிடம் இருந்தது. 1826-ல் கேப்டனாக உயர்த்தி டோர்காவ் கோட்டைக்கு மாற்றினார்கள். பதவி உயர்வு வேடத்தில் வந்த நாடுகடத்தலாகவே அவர் அதை எடுத்துக்கொண்டார். மறு ஆண்டு தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார்.

'கிரீக்ஷ்பீல்' என்று ஜெர்மன் பெயராலேயே அறியப்பட்ட இந்த விளையாட்டு, 1870–71-ல் பிரஷ்யா பிரான்ஸை வீழ்த்திய பிறகு பிற நாட்டுப் படைகளுக்கும் பரவியது. அதே ஆண்டுகளில் ஜெர்மானிய அதிகாரிகள் அதன் விதிகளால் சலித்துப் போயிருந்தார்கள். அட்டவணையைப் புரட்டிப் புரட்டி ஒரு சுற்று முடிவதற்குள் பொழுது போய்விடும்; நடுவராக உட்கார ஆள் கிடைக்கவில்லை. யாக்கோப் மெக்கெல் 1873-ல் இந்த விறைப்பை விமர்சித்தார். வெர்டி டு வெர்னுவா 1876-ல் இன்னும் ஒரு படி மேலே போய், பகடையும் அட்டவணையும் வேண்டாம், அனுபவமுள்ள நடுவர் தீர்ப்பு போதும் என்றார். விளையாட்டு புத்தகத்திலிருந்து நடுவரின் தலைக்குள் குடியேறியது இங்கேதான்.

அமெரிக்க ராணுவ அதிகாரி சார்ல்ஸ் டாட்டன் 1880-ல் வெளியிட்ட 'ஸ்ட்ராடகோஸ்' என்ற நூல் இந்த மரபைக் கடல் தாண்டிக் கொண்டுபோனது. ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகள் கழித்து, மினசோட்டாவில் போர் விளையாட்டுகளில் ஊறிய டேவிட் வெஸ்லி என்ற இளைஞர் பல்கலைக்கழக நூலகத்தில் அதை எடுத்தார். ஆட்டக்காரர் எதை வேண்டுமானாலும் முயலலாம், நடக்குமா நடக்காதா என்பதை நடுவர் தீர்மானிப்பார் என்ற எண்ணம் அவரைப் பிடித்துக்கொண்டது. 1969-ல் பிரவுன்ஸ்டைன் என்ற கற்பனை ஊரை வைத்து நெப்போலியன் காலத்து மோதல் ஒன்றை ஏற்பாடு செய்தார். படைத்தலைவர்கள் தவிர, வந்தவர்களுக்கு நகரத் தலைவர், வங்கிக்காரர் போன்ற வேடங்களையும் கொடுத்தார்.

திட்டம் குலைந்தது. ஒவ்வொருவரையும் தனியே அழைத்துப் பேசிக்கொண்டிருந்த வேளையில், மற்றவர்கள் தங்களுக்குள் சதியும் பேரமும் நடத்தத் தொடங்கிவிட்டார்கள். இருவர் வந்து, நாங்கள் ஒற்றைக்கு ஒற்றை மோதப் போகிறோம் என்றார்கள்; அதற்கு விதியே இல்லை, அங்கேயே ஒன்றை உண்டாக்க வேண்டியிருந்தது. படைகள் மேசைமேல் மோதவே இல்லை. வெஸ்லி இதைத் தன் தோல்வியாகக் கருதினார். வந்தவர்களோ அடுத்த ஆட்டம் எப்போது என்று கேட்டார்கள். விதிகளை இறுக்கி அவர் நடத்திய அடுத்த ஆட்டங்கள் சோபிக்கவில்லை. கயிற்றைத் தளர்த்தி, லத்தீன் அமெரிக்கக் குட்டி நாடு ஒன்றில் நடக்கும் புரட்சியாக அமைத்த நான்காவது ஆட்டம் களை கட்டியது. குழப்பம் என்று தான் நினைத்ததே ஆட்டம் என்பதை அவர் ஒத்துக்கொள்ள இத்தனை சுற்றுகள் ஆயின.

அந்த நான்காவது ஆட்டத்தில் கலக்கியவர் டேவ் ஆர்னசன். 1971-ல் அவர் நண்பர்களை வழக்கமான போர் ஆட்டத்துக்கு அழைத்தார். வந்தவர்கள் கண்டது மேசைமேல் ஒரு பொம்மைக் கோட்டை. அதன் அடியில் இருந்த சுரங்க அறைகளுக்குள் ஆளுக்கொரு வீரனாக இறங்க வேண்டும். 'பிளாக்மூர்' என்று பெயர் பெற்ற இந்த ஆட்டம் ஒரே இரவில் முடியவில்லை. பிழைத்த வீரன் அடுத்த வாரம் கூடுதல் அனுபவத்தோடு திரும்பி வந்தான்.

1972-ன் இறுதியில் ஆர்னசன் இதைக் காட்ட விஸ்கான்சினின் லேக் ஜெனீவாவுக்குப் போனார். அங்கே காப்பீட்டு வேலை போனபின் வீட்டு நிலவறையில் செருப்புத் தைத்துக்கொண்டிருந்த கேரி கைகாக்ஸ், 'செயின்மெயில்' என்ற இடைக்காலப் போர் விதிநூலின் ஆசிரியர்களில் ஒருவர். மாயாவிகளும் டிராகன்களும் அவருக்குப் புதிதல்ல. அந்த நூலின் பின்னிணைப்பில் அவர்கள் ஏற்கெனவே இருந்தார்கள். ஆனால் அதன் பெரும்போர்களில் ஒரு பொம்மை 20 வீரர்களுக்குச் சமம். ஆர்னசன் நடுவராக அமர்ந்த அன்று, கைகாக்ஸ் ஒரே ஓர் ஆளாக இருட்டுச் சுரங்கத்தில் நின்று அடுத்து என்ன செய்வது என்று யோசிக்க வேண்டியிருந்தது. படையை மேலிருந்து நகர்த்திப் பழகியவர் கீழே இறங்கிவிட்டார். ஆர்னசனிடம் குறிப்புகளைக் கேட்டு வாங்கி உடனே எழுதத் தொடங்கினார்.

1974 ஜனவரியில் மூன்று சிறு நூல்கள் ஒரு பெட்டியில் அடைத்து வெளிவந்தன. விலை 10 டாலர், 1,000 பிரதிகள். வாங்கிப் படித்தவர்கள் பலருக்குத் தலைகால் புரியவில்லை. செயின்மெயில் விதிகள் தெரியும் என்று எண்ணிக்கொண்டு எழுதிய நூல் அது. இந்த ஆட்டம் எப்படி நடக்கும் என்பதைத் தெரிந்தவர் ஒருவர் அருகில் உட்கார்ந்து ஆடிக் காட்டினால்தான் விளங்கியது. ஆட்டத்தை நடத்துபவருக்கு 'டஞ்சன் மாஸ்டர்' என்ற பெயர் அடுத்த ஆண்டு இணைப்பு நூல்களோடுதான் வந்தது. முதல் பெட்டியின் நூல்கள் அவரைக் குறிப்பிட்டது நடுவர் என்றே.