சரளமாகவா, நாவன்மையுடனா?

"அவன் இங்கிலீஷ் சரளமா பேசுறான்!" நெமிலிச்சேரியில் ரயில் ஏறும் மாணவர்களிடம் அடிக்கடி கேட்கும் பாராட்டு இது. 'சரளம்' வடசொல், மூலப்பொருள் 'நேரானது'. தமிழில் 'சரளமாக' என்றால் தடையின்றி.

ஆனால் நாவன்மையுடன் பேசுவது வேறு. திருக்குறளில் 'சொல்வன்மை' என்றே ஓர் அதிகாரம் (65) உண்டு. குற்றமற்ற சில சொற்களில் சொல்லத் தெரியாதவரே நிறையப் பேச ஆசைப்படுவர் என்கிறது 649-வது குறள்.

யாழ்ப்பாணத்து ஆறுமுகம் 1847 டிசம்பர் 31 அன்று வண்ணார்பண்ணை சிவன் கோயிலில் தம் சைவப் பிரசங்கத்தைத் தொடங்கினார். 1849-ல் திருவாவடுதுறை ஆதீனம் அவருக்கு 'நாவலர்' பட்டம் அளித்தது. ஆங்கிலமும் அறிந்தவர்தான், பட்டம் கிடைத்தது நாவன்மைக்கு.

ஆகவே, நேர்காணலில் வார்த்தை தடுக்கினால் வெட்கப்பட வேண்டாம். சொல்வது கேட்பவர் மனதில் பதிந்தால் அதுவே நாவன்மை.