கவலை முதல் போர்வெல் வரை: கொங்குநாட்டின் நிலத்தடி நீர்

மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் இருப்பதால் கோவை, திருப்பூர் மாவட்டங்களின் பெரும்பகுதிக்கு ஆண்டுக்கு 600 முதல் 700 மில்லிமீட்டர் மழைதான். காவிரிப் படுகையில் உள்ளதுபோல ஆழமான வண்டலும் இங்கே இல்லை. மேல்மண்ணுக்குக் கீழே ஓரளவு சிதைந்த பாறை, அதற்கும் கீழே நைஸ், சார்னோகைட் போன்ற கடும்பாறைகள். ஊறும் மழைநீர் சிதைந்த பாறையிலும், அடிப்பாறையின் வெடிப்புகளிலும் மட்டுமே தங்கும். ஆழம் போகப் போக வெடிப்புகள் குறையும். ஆனாலும் இன்று இப்பகுதியில் ஆயிரம் அடிக்குக் கீழே போகும் ஆழ்துளைக் கிணறு யாருக்கும் வியப்பில்லை.

மழை குறைந்தது, மக்கள் பெருகினர், தொழில் வளர்ந்தது என்பதே இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம். அது பாதி உண்மைதான். தண்ணீரை மேலே ஏற்றுவதற்கான உழைப்பும் செலவும் படிப்படியாக இல்லாமல் போனதும், அந்த இடத்தில் வேறு எந்தக் கட்டுப்பாடும் வராததுமே இந்த வரலாற்றின் மையம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

1800-இல் இப்பகுதி வழியாகப் பயணம் செய்த பிரான்சிஸ் புக்கானன் இங்கே கிணற்றுப் பாசனத் தோட்டங்களைக் கண்டு எழுதியிருக்கிறார். நொய்யல் ஆற்றின் அணைக்கட்டுகளும் குளங்களும் பாயாத மேட்டுநிலத்தில் மானாவாரியாகச் சோளமும் கம்பும் விளைந்தன. கிணறு உள்ள தோட்டத்தில் ராகி, புகையிலை, காய்கறி. தண்ணீர் இறைத்தது கவலை. பிற வட்டாரங்களில் கமலை என்பார்கள். இரண்டு எருதுகள் கிணற்றடியிலிருந்து சரிவில் இறங்கும்போது வடக்கயிறு உருளையில் ஓடிச் சால் என்னும் நீர்க்கலத்தை மேலே தூக்கும். ஓட்டுபவர் கயிற்றின் மேல் உட்கார்ந்து தன் எடையையும் கொடுப்பார். சாலின் அடியில் உள்ள தோல்வால் வாய்க்கால் மட்டத்துக்கு வந்ததும் தண்ணீரைக் கக்கும். பிறகு எருதுகள் பின்னோக்கியே மேடேற வேண்டும். விடியற்காலையில் தொடங்கி வெயில் ஏறும்வரை இதே நடை. ஒரு ஜோடி எருது இரண்டு மூன்று ஏக்கருக்கு மேல் தாங்காது. கிணறு ஆழமாக ஆழமாக ஒவ்வொரு சாலுக்கும் நடை நீளும். எனவே எருதுகள் ஓய்ந்த நேரத்தில் கிணறு ஊறியது. யாரும் திட்டமிட்டு வைத்த கட்டுப்பாடு அல்ல இது. மாட்டின் தசை வைத்த வரம்பு.

அக்காலத்தைப் பொற்காலமாக்க வேண்டியதில்லை. 1876–78 பெரும்பஞ்சம் இம்மாவட்டத்தையும் வாட்டியது. கிணறு வெட்டக் கடன் தர வழிசெய்த நிலமேம்பாட்டுக் கடன் சட்டம் 1883-இல் வந்தது. அதற்கு ஓராண்டு முன்னரே, 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம், நிலத்துக்கு அடியில் கசிந்து பரவும் நீரை எடுக்கும் உரிமை நிலத்துக்காரருக்கே என்று அங்கீகரித்துவிட்டது. நீர் பக்கத்துத் தோட்டத்துப் பாறை வெடிப்பிலிருந்து வருகிறதா என்ற கேள்விக்கு அதில் இடமில்லை. சாலளவில் இறைத்த காலத்தில் அந்தக் கேள்வி பெரிதாக எழவும் இல்லை.

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கம்போடியாப் பருத்தி வந்து, கிணற்று நீருக்கு நல்ல விலை கிடைக்கும் பயிர் ஒன்றைத் தந்தது. 1930-களில் பைக்காரா நீர்மின்சாரம் கோவை மில்களுக்கு வந்தது. பின்னர் தோட்டங்களுக்கும் கம்பி நீண்டது. பம்பும் மோட்டாரும் கோவையிலேயே தயாராயின. விடுதலைக்குப் பிறகு பம்புசெட்டுக்கு மின் இணைப்பு கொடுப்பதில் சென்னை மாநிலம் நாட்டின் முன்வரிசையில் நின்றது. நிலவள வங்கிகள் கடன் கொடுத்தன. கடன் வாங்கிக் கிணறு வெட்டுபவர் பக்கத்துக் கிணற்றிலிருந்து இத்தனை தூரம் தள்ளி வெட்ட வேண்டும் என்று விதி உண்டு. கைக்காசில் வெட்டுபவரை அது தொடாது. பசையுள்ளவருக்கு விதியிலிருந்து விலக்கு என்பதே இதன் நடைமுறைப் பொருள்.

மின்சாரத்துக்கு விலை இருந்தவரை ஒரு சிறு தடையாவது மிச்சமிருந்தது. 1970-இல் விவசாய மின்கட்டணம் உயர்ந்தபோது கோவை மாவட்டம் கொதித்தது. ஜூன் 19 அன்று பெருமாநல்லூரில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் மூன்று விவசாயிகள் இறந்தனர். 1972-இல் விவசாயிகள் தலைவர் நாராயணசாமி நாயுடு தலைமையில் கட்டைவண்டிகள் கோவைச் சாலைகளை நிறைத்தன. இப்போராட்டங்களைப் பேராசை என்று எழுதுவது அநியாயம். ஆற்றுப் பாசனம் பெறும் டெல்டா விவசாயி சொற்பத் தீர்வையில் தண்ணீர் பெற, இங்குள்ளவர் கிணறு வெட்டிய கடனையும் கட்டி, ஒவ்வொரு யூனிட்டுக்கும் காசு கொடுத்தார். கேட்டது நியாயம். கிடைத்த தீர்வுதான் கிணற்றைப் பதம் பார்த்தது: 1984-இல் சிறு விவசாயிகளுக்கும், 1990 வாக்கில் அனைத்து விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசமானது.

அதன் பிறகு நடந்ததைத் தோட்டங்களில் நேரிலேயே பார்க்கலாம். வெட்டுக்கிணறு வற்றியதும் அதன் அடியில் ஆளும் இயந்திரமும் இறங்கிப் பக்கவாட்டில் துளைபோடும் ‘சைடு போர்’. அதுவும் கைவிட்டால் திருச்செங்கோட்டுப் போர் வண்டி. தேங்காயைக் கையில் வைத்து நீரோட்டம் பார்ப்பவர் காட்டிய இடத்தில் இரவெல்லாம் புகை பறக்கும்; புழுதிக்குப் பதில் ஈரச்சேறு வந்தால் வீடு சிரிக்கும். மும்முனை மின்சாரம் எந்நேரம் வரும் என்று தெரியாததால் ஆட்டோ ஸ்டார்ட்டர் மாட்டிவிட்டுத் தூங்கப் போவார்கள். மின்சாரம் வந்ததும் ஊரின் மோட்டார்கள் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடும். எருது போல மோட்டாருக்கு இளைப்பில்லை.

தமிழ்நாட்டுக் கிணறுகளை ஆராய்ந்து ஜனகராஜனும் மார்கஸ் மோன்ச்சும் 2006-இல் எழுதிய கட்டுரை இந்தப் போட்டி ஆழப்படுத்தலைத்தான் சுட்டியது. பக்கத்துக்காரர் ஆழமாகப் போட்டால் நம் கிணறு வற்றும். நாமும் போட வேண்டும். முடியாதவர் தோட்டத்தை விற்பார், அல்லது மானாவாரிக்குத் திரும்புவார். இலவச மின்சாரம் எல்லாருக்கும் பொது. அதைப் பயன்படுத்தத் தேவையான ஆழம் காசுள்ளவருக்கே.

திருப்பூர் இதில் தனி அத்தியாயம். பனியன் ஏற்றுமதி பெருகியபோது சாயப்பட்டறைகளுக்குச் சுற்றுக் கிராமத்துக் கிணறுகளிலிருந்து லாரி லாரியாகத் தண்ணீர் போனது. சாயக்கழிவாக நொய்யலில் திரும்பி வந்தது. பாசனத்துக்கெனக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை கழிவுத் தொட்டியாகி, அடியோரக் கிணறுகள் உப்பேறின. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்ட பிறகே கழிவுநீரை முழுவதும் சுத்திகரித்து மறுபடி பயன்படுத்தும் முறை உறுதியாக வேரூன்றியது. அளவு குறைந்தால் ஒரு நல்ல மழை ஓரளவு ஈடுகட்டும். உப்பேறிய கிணற்றுக்கு அந்த வசதியும் இல்லை.

சட்டத்தின் கதை சுருக்கமானது. தமிழ்நாடு நிலத்தடி நீர் மேம்பாடு, மேலாண்மைச் சட்டம் 2003-இல் நிறைவேறியது; நடைமுறைக்கு வராமலே 2013-இல் திரும்பப் பெறப்பட்டது. 2017 மதிப்பீட்டில் மாநிலத்தின் 1,166 பிர்காக்களில் (வருவாய்க் குறுவட்டங்களில்) 462 ‘அதிநுகர்வு’ என வகைப்படுத்தப்பட்டன. அதாவது அங்கே ஊறுவதைவிட எடுப்பது அதிகம்.

இப்போது நம்பிக்கை அத்திக்கடவு–அவிநாசித் திட்டத்தின் மேல் இருக்கிறது. பல பத்தாண்டுக் கோரிக்கைக்குப் பின் 2024 ஆகஸ்டில் தொடங்கியது. பவானியின் உபரி நீர் 1.5 டி.எம்.சி.யை ஆறு நீரேற்று நிலையங்கள் வழியாக 1,045 குளம் குட்டைகளுக்குக் கொண்டு சேர்ப்பது நோக்கம். செலவு 1,916 கோடி ரூபாய். குளம் நிறைந்தால் சுற்றுக் கிணறு ஊறும் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஊறிய நீரை அடுத்த கோடைக்கு முன்பே எத்தனை மோட்டார்கள் எடுத்துவிடும் என்பதற்கு எந்த அலுவலகத்திலும் சரியான கணக்கு இல்லை. மாநிலத்தில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட இலவச விவசாய மின் இணைப்புகள் உள்ளன. பெரும்பாலானவற்றில் மீட்டர் கிடையாது. மீட்டர் என்றதும் கட்டணம் வரப்போகிறது என்று விவசாயி அஞ்சுவதற்கு 1970 காரணம் தந்திருக்கிறது. எடுக்கும் நீரை அளந்தாலும் கட்டணம் வசூலிக்க மாட்டோம் என்று அரசு சட்டமாகவே உறுதி கொடுக்கட்டும். பிர்கா வாரியாக அளவை ஊர் அறிய வெளியிடட்டும். குளத்துக்கு நீரேற்றுவதோடு சேர்த்துச் செய்ய வேண்டிய வேலை இது.