மருதநாயகம்: கம்பெனி படைத் தளபதி மதுரையை ஆண்டது எப்படி?

1997-ல் இங்கிலாந்து ராணி எலிசபெத் முன்னிலையில் கமல்ஹாசன் தொடங்கிய படம் 'மருதநாயகம்'. படம் நின்றுபோச்சு. ஆனா, அந்த நிஜ மனிதரின் கதை என்ன?

யார் இவர்?

கிழக்கிந்திய கம்பெனி சிப்பாய்களின் தளபதி முகமது யூசுப் கான். இவரைத்தான் மருதநாயகம் என்கிறார்கள். ஐரோப்பிய பாணியில் பயிற்சி பெற்ற படை இது. 1758-59-ல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையை முற்றுகையிட்டபோது கம்பெனிக்குப் பெரும் பலமாக நின்றவர்.

ஆட்சி எப்படி கைக்கு வந்தது?

ஆற்காடு நவாப் முகமது அலிக்குத் தெற்கே பாளையக்காரர்கள் கப்பம் கட்டவில்லை. வசூலிக்கக் கம்பெனி படை வந்தது. பிறகு மதுரை, நெல்லைச் சீமைகளின் வரி வசூலே யூசுப் கானிடம் குத்தகைக்குப் போனது. இரண்டுக்கும் நடுவே இருக்கும் அருப்புக்கோட்டை போன்ற வானம் பார்த்த பூமியில், வரி என்பது சாதாரண விஷயமா? 1761-ல் பூலித்தேவரின் நெற்கட்டும்செவலையும் பிடித்தார். படையும் அவரிடம், பணமும் அவரிடம்!

மோதல் ஏன்?

'எனக்குக் கீழே இரு' என்றார் நவாப். இவர் மறுத்தார். நவாப் பக்கம் நின்றது கம்பெனி. 1763-ல் பிரெஞ்சுக் கொடியை ஏற்றினார் யூசுப் கான். மதுரைக் கோட்டை மாதக்கணக்கில் தாக்குப்பிடித்தது. கடைசியில் கூட இருந்தவர்களே பிடித்துக் கொடுத்தார்கள். 1764 அக்டோபர் 15-ல் தூக்கு.

அப்போ ஜெயித்தது நவாபா?

இல்லை. 1801-ல் கர்நாடக ஆட்சி முழுவதும் கம்பெனி கைக்குப் போனது. கடன் வாங்கிய படையால் ஆண்டவருக்கு மிஞ்சியது நவாப் பட்டம் மட்டும்தான்.