பணியேட்டில் இல்லாத காயம்: ஹென்றி ஜான்சனும் அமெரிக்கப் படை ஆவணத் திருத்தமும்

முதல் உலகப்போரில் அமெரிக்கத் தரைப்படையில் பணியாற்றிய ஹென்றி ஜான்சன் என்னும் கறுப்பின வீரருக்கு, அந்நாட்டின் தலையாய வீர விருதான மெடல் ஆஃப் ஆனர் 2015ஆம் ஆண்டு ஜூன் 2ஆம் நாள் வழங்கப்பட்டது. அவர் இறந்து அப்போது ஏறத்தாழ 86 ஆண்டுகள் ஆகியிருந்தன. போர்க்களத்தில் அவர் 21 காயங்கள் பட்டவர். எனினும் 1919இல் படையிலிருந்து விடுவிக்கப்பட்டபோது அளிக்கப்பட்ட பணிவிடுப்பு ஆவணத்தில் அக்காயங்களுள் ஒன்றேனும் குறிக்கப்படவில்லை. ஆவணத்தில் இல்லாதது நிகழவே இல்லை என்று கொள்ளும் அலுவலக வழக்கம் எவ்வாறு உருவாயிற்று, அதனை எதிர்த்து ஓர் ஆவணம் எவ்வாறு திருத்தப்படுகிறது என்பவற்றை அவர் வரலாற்றைக் கொண்டு இங்கு ஆராய்வோம்.

1918 மே 15

ஜான்சன் வட கரோலைனாவில் பிறந்தவர். நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனி இரயில் நிலையத்தில் சுமை தூக்கும் பணியாளராக இருந்தவர், 1917 ஜூன் மாதம் நியூயார்க்கின் 15ஆம் காலாட்படைப் பிரிவில் சேர்ந்தார். கறுப்பின வீரர்களைக் கொண்ட இப்பிரிவு பின்னர் 369ஆம் ரெஜிமெண்ட் எனப் பெயர் மாற்றம் பெற்றது. அமெரிக்கப் படைத்தலைமை இதனைத் தன் வெள்ளையினப் பிரிவுகளோடு சேர்த்துப் போரிட விடவில்லை. பிரெஞ்சுப் படையின் பொறுப்பில் ஒப்படைத்தது. ஜான்சனின் ஆவணச் சிக்கலுக்கு இவ்வொப்படைப்பும் ஒரு காரணம் என்பது எம் கருத்து. அவரது வீரச்செயலைக் கண்டு பதிந்தவர்கள் ஒரு நாட்டினர். பணியேட்டை எழுதியவர்கள் மற்றொரு நாட்டினர்.

ஆர்கோன் காட்டை ஒட்டிய காவல்நிலை ஒன்றில், மே 15ஆம் நாள் பின்னிரவில் ஜான்சனும் நீதம் ராபர்ட்ஸ் என்னும் வீரரும் காவலில் இருந்தனர். குறைந்தது பன்னிருவர் கொண்ட ஜெர்மானியக் குழு அவர்களைத் தாக்கியது. ராபர்ட்ஸ் படுகாயமுற்றார். கையெறி குண்டுகளும் துப்பாக்கியும் பயன்படாமற் போன பின்னர் ஜான்சன் தம் இடுப்பிலிருந்த போலோ கத்தியைக் கொண்டு எதிரிகளோடு நேருக்கு நேர் பொருது, ராபர்ட்சைச் சிறை கொண்டு செல்ல முயன்றோரைத் தடுத்தார். பிரெஞ்சு அரசு அவருக்குக் குரோவா டி கேர் என்னும் போர்ச்சிலுவைப் பதக்கத்தைப் பொன்னிறப் பனையோலைச் சின்னத்துடன் வழங்கியது. அமெரிக்கச் செய்தித்தாள்கள் அவர் புகழ் பாடின. போர்ச் சேமிப்பு முத்திரை விற்பனைக்கு அவருடைய பெயரையே விளம்பரமாகக் கொண்டனர். நாடறிந்த ஒருவரின் காயங்கள் அவருடைய பணிவிடுப்பு ஆவணத்தில் மட்டும் இடம்பெறவில்லை.

இவ்விடத்தில் பலரும் எழுதிவரும் ஒரு கூற்றைத் திருத்த வேண்டியுள்ளது. ஆவணப் பிழையால் ஜான்சனுக்கு அவர் வாழ்நாளில் பர்ப்பிள் ஹார்ட் மறுக்கப்பட்டது என்பர். போரில் காயமுற்றோர்க்கு வழங்கப்படும் அப்பதக்கம் இன்றைய வடிவில் ஏற்படுத்தப்பட்டது 1932 பிப்ரவரியில். ஜான்சன் இறந்தது 1929 ஜூலையில். அவருடைய வாழ்நாளில் இல்லாத ஒன்றை எவரும் அவருக்கு மறுத்திருக்க இயலாது. அரசிடமிருந்து எவ்வுதவியும் பெறாமலே அவர் மாண்டார் என்பதும் முழுவதும் சரியன்று. காசநோயின் பொருட்டு 1927 செப்டம்பரில் அவர் முழுமையான, நிலையான உடற்குறை உடையவராக மதிப்பிடப்பட்டார் என்பதும், மாதந்தோறும் உதவித்தொகை பெற்றார் என்பதும் முன்னாள் வீரர் அலுவலகத்தின் ஏடுகளால் தெரிகின்றன. ஆயின் அவ்வுதவி நோய்க்கு வந்தது, காயங்களுக்கு வரவில்லை. 1919இல் எழுதாமல் விடப்பட்டது 1927இலும் எழுதப்படாமலே இருந்தது.

பதக்கம் விடுபடுதல் எப்போதும் எழுத்தரின் கவனக்குறைவன்று என்பதையும் இது காட்டுகிறது. இரண்டாம் உலகப்போரில் போரிடும் காலாட்படை வீரருக்குரிய சின்னத்தைப் பெற்றோர், பிரான்ஸ் ஸ்டார் பதக்கத்திற்கும் உரியவர் என்று 1947இல் விதி வகுக்கப்பட்டது. 1945இல் வீடு திரும்பியவரின் ஏட்டில் அது எப்படி இருக்கும்? விண்ணப்பித்துக் கேட்டால்தான் தருவர். இவ்விதியை அறியாமலே காலமானவர்களின் ஏடுகளைப் பிழையானவை எனச் சொல்லவும் இயலாது, நிறைவானவை எனச் சொல்லவும் இயலாது.

திருத்தத்திற்கான சட்டம்

1946க்கு முன்னர் அமெரிக்கப் படைவீரர் ஒருவரின் ஏட்டைத் திருத்த வேண்டின், அவருக்கெனத் தனியொரு மசோதாவை நாடாளுமன்றத்தில் கொண்டுவர வேண்டியிருந்தது. அவ்வாண்டின் நாடாளுமன்றச் சீரமைப்புச் சட்டம் இத்தகைய தனி மசோதாக்களைத் தடைசெய்து, அவ்வதிகாரத்தைப் படைத்துறைச் செயலர்களுக்கு அளித்தது. அவர்கள் படையினர் அல்லாத குடிமக்களைக் கொண்ட வாரியங்களின் வழியாகச் செயல்பட வேண்டும். பிழையைத் திருத்தவும் அநீதியை நீக்கவும் இவ்வாரியங்களுக்கு உரிமை உண்டு. 'பிழை', 'அநீதி' என இரண்டையும் சட்டம் தனித்தனியே குறித்திருப்பது கருதத்தக்கது. விதிப்படி சரியாக எழுதப்பட்ட ஏடும் அநீதியானதாக இருக்கலாம் என்பதனை அச்சட்டமே ஒப்புக்கொள்கிறது.

நடைமுறை இரு வகைப்படும். ஏற்கெனவே வழங்கப்பட்ட பதக்கம் டிடி 214 எனப்படும் பணிவிடுப்புப் படிவத்தில் எழுதப்படாது விடுபட்டிருந்தால், அலுவலக நிலையிலேயே டிடி 215 என்னும் திருத்தப் படிவம் தரப்படும். முதற்படிவத்தை அழித்தெழுதுவதில்லை, திருத்தம் தனித்தாளாக அதனோடு சேர்க்கப்படும். சுவடிப் பதிப்பில் மூலபாடத்தைச் சிதைக்காமல் பாடவேறுபாட்டை அடியில் காட்டுவது நம் ஆசிரியர்களுக்கு நினைவுக்கு வரலாம். அலுவலக நிலையில் தீராதவை டிடி 149 படிவத்தின் வழியே வாரியத்திற்குச் செல்லும். பிழையை அறிந்த நாளிலிருந்து மூன்றாண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. நீதியின் பொருட்டு வாரியம் அவ்வெல்லையைத் தளர்த்தலாம்.

இவற்றுள் மிக முதன்மையானது மெய்ப்பிக்கும் பொறுப்பு யாருடையது என்னும் வினா. அரசு அலுவலகச் செயல்கள் முறைப்படியே நடந்திருக்கும் என்னும் அனுமானத்திலிருந்து வாரியம் தொடங்குகிறது. அதனைப் பொய்யெனக் காட்டும் சுமை விண்ணப்பிப்பவர் தோள்மேல் விழுகிறது. ஏட்டை எழுதியது படை. ஏட்டைக் காத்துவைத்திருப்பதும் அரசு. அதிலுள்ள குறையை நிறுவ வேண்டியவரோ முதியவராகிவிட்ட வீரர் அல்லது அவருடைய குடும்பத்தார்.

இக்கண்டிப்புக்கும் ஒரு வரலாறு உண்டு. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1863இல், தலைநகர் வாஷிங்டனைக் காக்கச் சில நாள்கள் கூடுதலாகத் தங்குவோர்க்குப் பதக்கம் தருவதாக 27ஆம் மெய்ன் ரெஜிமெண்டுக்கு வாக்களிக்கப்பட்டது. தங்கியவர் ஏறத்தாழ 300 பேர். செய்யப்பட்ட பதக்கங்களோ 864. இத்தகைய முறைகேடுகளைக் களைய 1916இல் அமைக்கப்பட்ட ஐந்து ஓய்வுபெற்ற தளபதிகளின் குழு, மறு ஆண்டில் 911 பெயர்களை மெடல் ஆஃப் ஆனர் பட்டியலிலிருந்து நீக்கியது. ஜான்சன் படையில் சேர்ந்த அதே ஆண்டு அது. சான்றின்றிப் பதக்கம் இல்லை என்னும் அச்சம் அப்போது அலுவலகங்களில் புதிதாக வேர்கொண்டிருந்தது. நீக்கப்பட்டோருள் மருத்துவர் மேரி வாக்கரும் ஒருவர். போரில் பணிபுரிந்தும், முறையான படை நியமனம் பெறாதவர் என்பதால் அவர் பெயர் அடிக்கப்பட்டது. பதக்கத்தைத் திருப்பித் தர மறுத்து, 1919இல் இறக்கும்வரை அதனை அவர் அணிந்திருந்தார். 1946ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிறந்த தரைப்படை ஆவணத் திருத்த வாரியம்தான் 1977இல் அவர் பெயரை மீட்டது. கண்டிப்பு பொய்யை மட்டும் களையவில்லை என்பதற்கு அவரே சான்று.

செயின்ட் லூயிஸ் தீ

மெய்ப்பிக்கும் சுமை 1973 ஜூலை 12க்குப் பின்னர் இன்னும் கனத்தது. நள்ளிரவு கடந்த சிறிது நேரத்தில் மிசூரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸ் அருகேயுள்ள தேசியப் பணியாளர் ஆவண மையத்தின் ஆறாம் தளத்தில் தீப்பற்றியது. கோப்புகள் அடுக்கப்பட்டிருந்த அத்தளத்தில் தானியங்கி நீர்த்தெளிப்பான்கள் இல்லை. 16 முதல் 18 மில்லியன் வரையிலான பணிக் கோப்புகள் அழிந்தன. 1912 நவம்பர் 1 முதல் 1960 ஜனவரி 1 வரை தரைப்படையிலிருந்து விடுபட்டோரின் கோப்புகளில் ஏறத்தாழ 80 விழுக்காடு போயிற்று. வான்படையில் 1947 முதல் 1964 தொடக்கம்வரை விடுபட்டோருள், அகரவரிசையில் ஹப்பர்ட் என்னும் பெயருக்குப் பின்வருவோரின் கோப்புகளில் 75 விழுக்காடு எரிந்தது. ஒருவர் பெயரின் முதலெழுத்து அவருடைய பணி வரலாற்றின் விதியை நிர்ணயித்தது! இவற்றுக்குப் படியோ நுண்படச் சுருளோ இல்லை; எவையெவை இருந்தன என்று கூறும் அட்டவணையும் இல்லை.

தீக்குத் தப்பியவற்றை நீர் கெடுத்தது. நனைந்த கட்டுகளைப் பூஞ்சை பிடிக்காமல் மருந்திட்டு, விண்வெளிப் பயிற்சிக்கென அமைந்த வெற்றிடக் கூடத்தில் உலர்த்தி, ஏறத்தாழ 6.5 மில்லியன் கோப்புகளை மீட்டனர். ஓரங்கருகிய அத்தாள்களைப் பக்குவப்படுத்தும் பணி இதற்கெனத் தனிக்கூடம் அமைத்து நடத்தப்பட்டு வந்துள்ளது. முற்றும் எரிந்தவற்றுக்கு மாற்றாக, சம்பளச் சீட்டுகள், பிரிவுகளின் அன்றாடக் காலை அறிக்கைகள், முன்னாள் வீரர் நிர்வாகத்தின் உதவித்தொகைக் கோப்புகள், மருத்துவமனைச் சேர்க்கைப் பதிவுகள் முதலியவற்றிலிருந்து பணி வரலாற்றை மீளக் கட்டுவர். மாதச் சம்பளத்திற்கு ஒப்பமிட்ட சீட்டு ஒருவர் படையில் இருந்தார் என்பதை நிறுவும். அவர் கத்தியோடு பாய்ந்ததை அது கூறாது. ஆகவே பணிக்காலத்தை மீட்பது எளிதாகவும், பதக்கத்தை மீட்பது அரிதாகவும் ஆயிற்று.

எழுதப்படாத பரிந்துரை

தீயினால் விளைந்த இழப்பிலும் ஆழமானது ஒன்றுண்டு. எரிவதற்குக்கூட ஒரு தாள் இருந்திருக்க வேண்டும். இரண்டாம் உலகப்போரில் பங்குகொண்ட கறுப்பின வீரர் ஒருவருக்கேனும் போர் முடிந்த காலத்தில் மெடல் ஆஃப் ஆனர் வழங்கப்படவில்லை. 1993இல் தரைப்படை, ஷா பல்கலைக்கழகத்திடம் இதனை ஆராயும் பொறுப்பை ஒப்படைத்தது. அன்றைய இனப்பாகுபாட்டுச் சூழலே இதற்குக் காரணம் என்னும் முடிவுக்கு ஆய்வாளர் வந்தனர். அதன் பயனாக 1997 ஜனவரி 13 அன்று எழுவர்க்கு அவ்விருது அளிக்கப்பட்டது. அவர்களுள் உயிரோடிருந்து பெற்றவர் வெர்னன் பேக்கர் ஒருவரே. 2000ஆம் ஆண்டில் ஆசிய அமெரிக்கர் முதலிய 22 பேருக்கு இதே வகையில் விருது உயர்த்தப்பட்டது.

ஜான்சனின் வழக்கு படிப்படியாக நகர்ந்தது. 1996இல் பர்ப்பிள் ஹார்ட் வந்தது. 1919ஆம் ஆண்டு ஏட்டில் இல்லாத காயங்கள் அப்போதுதான் அரசால் ஏற்கப்பட்டன. அடுத்து மெடல் ஆஃப் ஆனர் கோரப்பட்டது. உயர் அதிகாரிகளின் வரிசைவழிப் பரிந்துரை ஆவணங்கள் போதவில்லை என்னும் நிலையில், அதற்கு அடுத்த விருதான டிஸ்டிங்குவிஷ்ட் சர்வீஸ் கிராஸ் மட்டும் 2002இல் கிடைத்தது. கறுப்பின வீரருக்கு அன்றைய அதிகாரிகள் பரிந்துரை எழுதவில்லை என்பதே முறையீடு. அதற்கு அலுவலகம் கூறிய மறுமொழி, பரிந்துரையைக் காட்டுக என்பது.

பின்னர் நடந்த தேடலில், சண்டை நிகழ்ந்த சில நாள்களுக்குள் தளபதி ஜான் பெர்ஷிங்கின் பெயரில் எழுதப்பட்ட குறிப்பொன்று கிடைத்தது. ஐரோப்பாவிலிருந்த அமெரிக்கப் படை முழுமைக்கும் தலைவர் அவர். அவ்வளவு காலமும் அலுவலகம் கேட்டுக்கொண்டிருந்த சான்று படையின் சொந்தத் தாள்களுக்குள்ளேயே கிடந்தது. பணியேடு என்னும் பெயரிட்ட கோப்பில்தான் அது இல்லை. காலங்கடந்த விருதுக்குரிய எல்லையை ஜான்சனுக்காகத் தளர்த்தும் விதியை நாடாளுமன்றம் 2014 டிசம்பரில் நிறைவேற்றியது.

இத்தேடலில் வேறொரு செய்தியும் வெளிப்பட்டது. நெடுங்காலமாக இவ்வழக்கை முன்னெடுத்து, 2002ஆம் ஆண்டு விருதை ஜான்சனின் மகன் என்ற முறையில் ஏற்றுக்கொண்டவர் உண்மையில் அவருக்கு உறவினர் அல்லர் எனத் தரைப்படையின் மரபுவழி ஆய்வு கண்டது. குடும்பத்தார் ஏதோ ஓர் ஏழைக் கல்லறையில் புதைக்கப்பட்டதாக நம்பிய ஜான்சன், வாஷிங்டனுக்கு அருகிலுள்ள ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் படை மரியாதையோடு அடக்கம் செய்யப்பட்டிருந்ததும் ஏடுகளாலேயே தெரியவந்தது. குடும்ப நினைவைவிட ஏடு மேல் என்று இதனால் சொல்லிவிட முடியாது. காயங்களைக் குடும்ப நினைவு காத்தது; ஏடு மறந்தது. உறவையும் கல்லறையையும் பொறுத்தவரை ஏடு சரியாக இருந்தது, நினைவு தவறியது. அந்த நினைவு தூண்டியிராவிட்டால் பெர்ஷிங்கின் குறிப்பை எவரும் தேடியிருக்கவும் மாட்டார்.

2015ஆம் ஆண்டு விழாவில் விருதைப் பெற்றுக்கொள்ள இரத்த உறவினர் எவரும் இல்லை. ஜான்சனின் பிரிவு எழுந்த நியூயார்க் மாநிலத்துத் தேசியக் காவற்படையின் மூத்த சார்ஜெண்ட் ஒருவர் அதிபர் ஒபாமாவிடமிருந்து அதனைப் பெற்றார். 2023 ஜூனில் லூசியானா மாநிலத்துப் போல்க் படைத்தளத்திற்கு ஜான்சன் பெயர் இடப்பட்டது. 2025இல் அப்பெயர் மாற்றப்பட்டு, முன்னைய போல்க்கை விடுத்து அதே குடிப்பெயருடைய வேறொரு தளபதியின் நினைவாக மீண்டும் போல்க் என்றே அத்தளம் அழைக்கப்படலாயிற்று.