திராக்டா: ஒரு காரும் அதன் மூட்டும்

முன்சக்கர இயக்கக் கார்களின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் 1934இல் சிட்ரோயன் வெளியிட்ட திராக்சியோன் அவானிலிருந்து தொடங்குகிறார்கள். விற்பனையை அளவுகோலாகக் கொண்டால் அது நியாயமே. பொறியியலை அளவுகோலாகக் கொண்டால் எட்டு ஆண்டுகள் பின்னால் போக வேண்டும். 1926இல் பிறந்த திராக்டா என்ற பிரெஞ்சுக் கார் மிகச் சொற்பமாகவே தயாரானது. 1934 வாக்கில், சிட்ரோயன் காருக்காகக் கூட்டம் கூடிய அதே காலத்தில், திராக்டாவின் உற்பத்தி நின்றுபோனது. ஆனால் அதற்காகச் செய்யப்பட்ட உருக்கு மூட்டு ஒன்று ஜெர்மனிக்கும் அமெரிக்காவுக்கும் இங்கிலாந்துக்கும் போய்ச் சேர்ந்தது. திராக்டா கார்கள் அனைத்தையும் அந்த மூட்டின் சோதனைக்கூடமாகப் பார்ப்பதே பொருத்தம் என்று இக்கட்டுரை வாதிடுகிறது.

முன்சக்கரத்தைக் கொண்டு வண்டியை இழுக்கும் எண்ணம் பழையது. 1769இல் குய்ன்யோ ஓட்டிக்காட்டிய நீராவி வண்டியே முன்சக்கரத்தால்தான் நகர்ந்தது. ஆக, குறை எண்ணத்தில் இல்லை. இயக்கும் சக்கரமே திரும்பவும் வேண்டும் என்பதில்தான் சிக்கல். சக்கரம் திரும்பும்போது அதற்கு விசை கொண்டுவரும் ஷாஃப்டும் வளைந்தாக வேண்டும்; வளைவதற்கு ஒரு மூட்டு வேண்டும். அன்று கையில் இருந்தது கார்டன் மூட்டு. சிலுவை வடிவத் துண்டால் இரு கவைகளை இணைக்கும் அந்த மூட்டு எளிது, உறுதியானது. ஆனால் வளைந்த நிலையில் சீராகச் சுழலாது. உள்ளே வரும் ஷாஃப்ட் ஒரே வேகத்தில் சுற்றினாலும், வெளியே போகும் ஷாஃப்ட் ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை விரைந்து இருமுறை தளரும். கணக்கு எளிது: 30 பாகை வளைவில் வேகம் 0.87 மடங்குக்கும் 1.15 மடங்குக்கும் இடையே ஊசலாடும்; 40 பாகையில் அது 0.77க்கும் 1.31க்கும் இடையே. திருப்பத்தில் ஸ்டியரிங் கையில் உதறுவதும் டயர் தேய்வதும் ஷாஃப்ட் முறிவதும் இதன் விளைவுகள்.

திராக்டா பிறந்த காலத்தில் அமெரிக்காவில் ஹாரி மில்லரின் முன்சக்கர இயக்கப் பந்தயக் கார்கள் இண்டியானாபொலிஸில் புகழ் பெற்றன. அதை வைத்து அங்கே சிக்கல் தீர்ந்துவிட்டதாக முடிவுகட்ட முடியாது. அந்த ஓடுதளத்தில் வளைவுகள் அகன்றவை. சக்கரம் அதிகம் திரும்ப வேண்டியதில்லை. மூட்டின் குறை வெளியே தெரிய வாய்ப்பும் இல்லை. ஊர்த் தெருவில் முழுவதும் திருப்பி நிறுத்த வேண்டிய காருக்கு அது விடையாகாது.

விடை கண்டவர்கள் இருவர். எக்கோல் பொலிடெக்னிக்கில் படித்த ழான் ஆல்பேர் கிரெகுவார் வெர்சாயில் ஒரு கராஜ் நடத்திவந்தார். அவருடைய நண்பர் பியேர் ஃபெனாய், வசதியான வீட்டுப் பிள்ளை. கிரெகுவார் பேச்சிலும் எழுத்திலும் வல்லவர், பின்னாளில் நினைவுக் குறிப்புகளும் வெளியிட்டார் என்பதால் வரலாறு அவர் பக்கமே சாய்கிறது. ஆனால் 1926இல் மூட்டைக் கண்டுபிடித்தவர் ஃபெனாய். அதைக் காராக்கி, பந்தயத்தில் ஓட்டி, உரிமம் விற்றது கிரெகுவார். இரண்டும் வேறு வேறு திறமைகள். ஒன்றில்லாமல் மற்றொன்று நிலைத்திருக்காது.

மூட்டின் உள்ளமைப்பு இது. இரண்டு கார்டன் மூட்டுகளை அடுத்தடுத்து வைத்து, வளைவை இரண்டும் சமமாகப் பங்கிட்டுக்கொண்டால், ஒன்றின் ஏற்றத்தாழ்வை மற்றொன்று ஈடுசெய்யும் என்பது முன்பே தெரிந்ததுதான். ஆனால் சக்கரத்தின் குடத்துக்குள் இரண்டு மூட்டுக்கு இடம் ஏது? ஃபெனாய் நடுவிலிருந்த ஷாஃப்டை நீக்கி, அதனிடத்தில் இரண்டு திரண்ட உருக்குத் துண்டுகளை வைத்தார். ஒவ்வொன்றும் தன் பக்கத்துக் கவையில் பொருந்தி அசையும். தச்சர் பலகைகளை நாக்கும் காடியுமாகச் சேர்ப்பதுபோல ஒன்றின் நாக்கு மற்றதன் காடியில் நுழைந்து வழுக்கும். மொத்தம் நான்கே துண்டுகள். பந்து இல்லை, ஊசித் தாங்கி இல்லை. அளவு பிசகாமல் கடைந்தெடுக்கத் தெரிந்த பட்டறை இருந்தால் போதும்.

முதல் திராக்டாக்களில் 1100 சிசி ஸ்காப் என்ஜின் இருந்தது. சிலவற்றில் கோசெட் சூப்பர்சார்ஜரும் சேர்ந்தது. டிஃபரன்ஷியலும் கியர் பெட்டியும் முன்னால், என்ஜின் அவற்றுக்குப் பின்னால். தரைக்கடியில் பின்சக்கரத்துக்கு ஓடும் ஷாஃப்ட் இல்லாததால் கார் அக்காலத்துக்கு வியப்பூட்டும் அளவு தாழ்ந்திருந்தது; படங்களில் பார்க்கும்போது அதன் நீண்ட பானெட்தான் முதலில் கண்ணில் படும். அழகுதான். ஆனால் அந்த நீளமே அதன் பலவீனமும். என்ஜினின் எடை முன் அச்சிலிருந்து பின்தள்ளி உட்காருவதால், இழுக்க வேண்டிய சக்கரங்களின் மேல் போதிய பாரம் இல்லை; ஏற்றத்தில் இது இன்னும் குறையும். இந்தத் தளவமைப்பு ஒரு குடும்பக் காராக வளராததற்கு, விலையைப் போலவே இதுவும் காரணம் எனக் கருதலாம்.

1927 ஜூனில் கிரெகுவாரும் லூசியன் லெமெஸ்லும் ஒரு திராக்டாவை லெ மான் 24 மணிநேரப் பந்தயத்தில் ஓட்டினார்கள். அந்த ஆண்டு ஓட்டத்தை முடித்தவை 7 கார்கள், திராக்டா ஏழாவது. கடைசி இடம் என்று பார்ப்பவருக்கு அது தோல்வி. ஒரு நாள் முழுக்க, கூரிய திருப்பங்கள் உள்ள பொதுச் சாலையில் மூட்டு தாங்கியது என்று பார்க்கும் பொறியாளருக்கு அதைவிடப் பெரிய சான்றிதழ் தேவையில்லை. அடுத்த ஆண்டுகளிலும் திராக்டாக்கள் லெ மானுக்கு வந்தன.

கார் வியாபாரம் சிறுத்தபோது உரிம வியாபாரம் வளர்ந்தது. ஜெர்மனியில் டிகேடபிள்யூவும், 1932இல் ட்ரம்ஃப் காரை வெளியிட்ட ஆட்லரும் இந்த மூட்டைப் பயன்படுத்தின. சிட்ரோயன் மட்டும் தன் முன்சக்கரங்களுக்கு இரட்டைக் கார்டன் மூட்டில் நிலைகொண்டது. இரண்டாம் உலகப் போரில் நான்கு சக்கரங்களும் இழுக்கும் வண்டிகள் பெருகின. ஜீப்புகளில் பொருத்தப்பட்ட சில வகை மூட்டுகளில் திராக்டா மூட்டும் ஒன்று. 1948இல் வந்த லேண்ட் ரோவரின் தொடக்ககால வண்டிகளிலும் அதுவே.

இருந்தும் இன்றைய கார்களின் அடியில் இருப்பது அது அல்ல. நம் மெக்கானிக்குகள் சி.வி. ஜாயிண்ட் என்று கழற்றி மாட்டுவது, ஆல்ஃபிரட் ஸெப்பா அமெரிக்காவில் வடிவமைத்த ஆறு பந்து மூட்டின் வழிவந்தது. திராக்டா மூட்டில் பரப்பும் பரப்பும் உராய்ந்து வழுக்கும். வேகம் கூடினால் சூடாகும். பந்து மூட்டில் உராய்வு குறைவு. ஆனால் பந்தோடும் பள்ளங்களை நுட்பமாகக் கடைய வேண்டும். மலிவாகவும் பெருவாரியாகவும் அப்படிக் கடைய முடிந்த பிறகு போட்டி முடிந்தது. 1959இன் மினி பந்து மூட்டோடு வந்தது.

மெதுவாக ஓடிப் பெருஞ்சுமை இழுக்கும் வண்டிகளில் மட்டும் திராக்டா மூட்டு தொடர்ந்தது. 1928 லெ மானில் திராக்டாவோடு ஓடிய முன்சக்கர இயக்கக் கார்களில் இங்கிலாந்தின் அல்விஸும் உண்டு. அந்த அல்விஸ் நிறுவனம், போருக்குப் பின் பிரிட்டிஷ் ராணுவத்துக்காகச் செய்த சராசென், சலாடின் கவச வண்டிகளிலும் 1960களின் ஸ்டால்வார்ட் சுமை வண்டியிலும் ஃபெனாயின் மூட்டையே பொருத்தியது.