மெற்லர் காட்டின் தீ வடுக்கள்

கலைப்பீடத்தில் படித்தவன் என்பதால் ஆவணம் என்றதும் ஏடும் கல்வெட்டும்தான் என் நினைவுக்கு முதலில் வரும். ஐக்கிய அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்திலோ ஒரு மரத்தின் உடலே ஆவணமாகியிருக்கிறது.

ஈஸ்ற் மில்ஸ்ரோன் என்ற சிற்றூரின் அருகே, ஏறத்தாழ 65 ஏக்கரில் முதிய ஓக் காடு ஒன்று நிற்கின்றது. மெற்லர் காடு என்பது அதன் பழைய பெயர். 1701இல் ஐரோப்பியக் குடியேறிகளின் கைக்கு வந்த நிலம். சுற்றிலும் வயல்கள் பெருகியபோதும் இத்துண்டு மட்டும் வெட்டப்படவில்லை. 1955இல் தச்சர்களின் தொழிற்சங்கம் பணம் கொடுத்து உதவ, றட்கர்ஸ் பல்கலைக்கழகம் இதனை வாங்கியது. சங்கத்தின் முன்னாள் தலைவர் ஹச்சிசனின் பெயரே இன்று காட்டின் பெயர். மரத்தை அறுத்துப் பிழைப்போர் ஒரு காட்டை அறுபடாமல் காத்தனர்!

மனிதக் கை படாத ஆதிக் காடு என்பதே அன்று இதற்கிருந்த மதிப்பு. 1954இல் 'லைஃப்' சஞ்சிகையும் இதனைப் படம்பிடித்து உலகறியச் செய்தது. 'கை படாத' என்ற சொல் எங்கள் தொழிலில் எளிதாக அச்சேறிவிடும்; அங்கே முன்னர் வாழ்ந்தவர் யார் என்ற கேள்வி அச்சேறுவது அரிது.

அதே 1954இல் மரே பியூவல் முதலிய தாவரவியலாளர்கள் வேறொரு கதையை வெளியிட்டனர். வீழ்ந்த முதிய வெள்ளை ஓக் ஒன்றின் ஆண்டு வளையங்களை அவர்கள் எண்ணினர். தீ மரத்தின் அடியைச் சுட்டால், உயிர் தப்பிய மரம் அந்தப் புண்ணை மூடியபடி வளரும்; வடு எந்த வளையத்தில் உள்ளதோ அதுவே தீ வந்த ஆண்டு. 1641 முதல் 1711 வரை ஏறத்தாழப் பத்தாண்டுக்கு ஒரு முறை காடு எரிந்திருந்தது. அதன் பின்னர் வடுவே இல்லை.

அந்த மண்ணின் மக்கள் லெனாப்பே இனத்தவர். அவர்கள் நிலம் இழந்து மேற்கே தள்ளப்பட்ட காலமும் தீ நின்ற காலமும் நெருங்கி வருகின்றன. தீ மூட்டியவர் அவர்களே என்று பியூவல் குழுவினர் கருதினர். எனினும் பழங்குடியினர் பெருங்காடுகளை முறையாக எரித்தனர் என்பதற்குச் சான்று போதாது என 1983இல் எமிலி றசல் வாதிட்டார். இருப்பிடங்களை அண்டிய தீயே மிகுதி என்பது அவர் முடிவு. யார் மூட்டியது என்பதை வடு சொல்லாதுதான். ஆயினும் எழுபது ஆண்டு இடைவிடாது தொடர்ந்த தீ, குடியேறிகள் வந்து பத்தாண்டில் அடியோடு நின்றதற்கு மின்னலைக் காரணம் காட்டுவது எனக்குப் பொருத்தமாகத் தோன்றவில்லை.

ஓக் மரத்தின் தடித்த பட்டை தீயைத் தாங்கும். அதன் கன்று கருகினாலும் வேரிலிருந்து மீண்டும் துளிர்க்கும். வளர வெளிச்சமும் வேண்டும். மெல்லிய பட்டையுடைய மேப்பிளோ தீயில் மடியும். ஆகவே தீ நின்ற காட்டில் நிழலைப் பொறுக்கும் மேப்பிள் கன்றுகள் தலையெடுத்தன. ஆய்வாளர்கள் அளந்தபோது மேலே பெரும் ஓக் மரங்கள் இருந்தன. கீழே அவற்றின் வாரிசுகளை அரிதாகவே கண்டனர்.

1950 நவம்பரில் வீசிய புயல் முதிய மரங்கள் பலவற்றைச் சாய்த்தது. 1981இல் மயிர்க்கொட்டிகள் பெருகி இலைகளைத் தின்று தீர்த்தன. மான்கள் கன்றுகளை மேய்ந்தன. பிறநாட்டுச் செடிகளும் புகுந்தன.

காட்டில் தலையிடுவதில்லை என்ற கொள்கையைப் பல்கலைக்கழகம் நெடுங்காலம் கைக்கொண்டது. விழுந்த மரம் விழுந்த இடத்திலேயே உக்கிப் போகும். அவ்வாறு பிறந்த இடைவெளிகளில் எழுந்தவை பெரும்பாலும் ஓக் அல்ல.