ஒட்டாத உறை

சிவகாசி அச்சகத்தில் வாழ்த்து அட்டை தனியாகப் பிறக்கவில்லை. ஒரே முழுத்தாளில் ரோஜா, கரும்பு, கோபுரம், குழந்தை ஏசு எல்லாம் அடுத்தடுத்து அச்சாகி, கட்டிங் மெஷினில் பிரிந்தன. 1920-களில் அந்த ஊரின் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். பெட்டிக்கு லேபிள் வேண்டியிருந்தது, பட்டாசுக்குச் சுற்றுத்தாள் வேண்டியிருந்தது; அச்சகங்கள் முளைத்தன. பட்டாசைக் காயவைக்கும் வறண்ட காற்று மைக்கும் காகிதத்துக்கும் ஒத்துக்கொண்டது. 1843-இல் லண்டனில் ஹென்றி கோல் விற்ற முதல் கிறிஸ்துமஸ் அட்டை ஒரு ஷில்லிங். கூலிக்காரர் நினைத்துப் பார்க்க முடியாத விலை. சிவகாசி அதைச் சில்லறைக் காசுக்கு இறக்கியது.

அட்டை கட்டுக் கட்டாக பஸ் ஏறி மதுரைக்கு வந்தது. மார்கழி முழுக்க மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றிய தெருக்களில் கயிறு கட்டி, கிளிப் போட்டுத் தொங்கவிட்டிருப்பார்கள். முதலில் கிறிஸ்துமஸ், பிறகு புத்தாண்டு, கடைசியில் பொங்கல். எம்.ஜி.ஆர். உண்டு, ரஜினி உண்டு, கமல் உண்டு. ரஜினி அட்டையைக் கமல் ரசிகனுக்கு அனுப்பினால் அது வாழ்த்தல்ல, வம்பு.

அப்போது உறையை ஒட்டக்கூடாது. மடிப்பை உள்ளே செருகி, மேலே 'புக் போஸ்ட்' என்று எழுதினால் குறைந்த தபால்தலை போதுமாயிருந்தது. ஆனால் உள்ளே கடிதமாக எழுத அனுமதி இருக்கவில்லை. அதனால் அட்டையில் சேதி எதுவும் இராது, 'அன்புடன்' என்று ஒரு கையெழுத்துதான். சேதியெல்லாம் உறையின் மூலையில், அனுப்புநர் விலாசத்தில் இருந்தது. போன வருடம் மேலூர், இந்த வருடம் பிலாய் என்றால் நண்பனுக்கு வேலை கிடைத்துவிட்டது என்று அர்த்தம். பதில் அட்டை போடவும் அந்த விலாசம்தான் வழி.

1972 ஆகஸ்ட் 15-இல் பின்கோடு வந்தது. மதுரை பெரிய தபாலாபீஸ் 625001 ஆனது. அங்கே முத்திரை வாங்கிய அட்டை ஆர்.எம்.எஸ். என்ற ரயில் தபால் பிரிவு பிரித்த மூட்டையில் ரயிலேறி ஊர் சேரும். நண்பன் வீடு மாறியிருந்தால்? தபால்காரர் பழைய விலாசத்தை அடித்துவிட்டுப் புதியதை எழுதி மறுபடி அனுப்புவார். இரண்டு ஊர் முத்திரையோடு, பொங்கல் கழிந்து போய்ச் சேர்ந்த அட்டைகள் எத்தனையோ. செல்போன் எண் மாறினால் அப்படித் தேடிப்போய்ச் சேர்ப்பார் யாருமில்லை.

அட்டையைக் கொன்றது வாட்ஸ்அப் என்பார்கள். என் கணக்கில், ஆள் பார்த்துப் படம் தேர்ந்தெடுக்கும் வேலையை நாம் விட்டபோதே அது போய்விட்டது. இருநூறு பேருக்கு ஒரே சொடுக்கில் போகும் பூங்கொத்துக்கு யாரும் பதில் விலாசம் தேடுவதில்லை.

சிவகாசியில் காலண்டரும் டைரியும் இன்னும் அச்சாகின்றன. தபாலாபீஸில் கார்டும் கிடைக்கிறது. பள்ளித் தோழர் ஒருவரின் விலாசம் கைவசம் இருந்தால் கிறிஸ்துமஸுக்கு முன்பே பெட்டியில் போட்டுவிடுங்கள். வீடு மாறியிருந்தாலும் பொங்கலுக்குள் போய்ச் சேரட்டும்.